நாடகத்திற்குப் பின் தனிப்பாட்டு

நாடகம் பலர் கூடி இழுக்கும் தேர். தனிப்பாட்டு ஒருவர் சுமக்கும் காவடி. திருத்தணிகை மலையருகே வாழும் நமக்கு இரண்டும் பழக்கமான காட்சிகளே. இவற்றுள் எது உயர்ந்தது என்னும் வினா தேவையற்றது. எனினும், தானே பாட்டெழுதி நாடகமொன்றை அரங்கேற்றிய மாணவன் மீண்டும் தனித்துப் பாட வந்தால், "குழு கலைந்துவிட்டதோ?" என்று கேட்கும் வழக்கம் நம்மிடையே உள்ளது. தனிப்பாட்டுக்குத் திரும்புதலைப் பின்னடைவாகக் கருதும் இவ்வெண்ணம் பிழையானது என்பதே என் கருத்து.

கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளின் வாழ்வு இதற்குத் தக்க சான்று. 1908-இல் பிறந்த அவர் இளமையிலேயே நாடக மேடை ஏறியவர். எஸ்.ஜி. கிட்டப்பாவோடு இணைந்து நடித்துப் பெரும்புகழ் பெற்றார். 1933-இல் கிட்டப்பா மறைந்த பின் வெண்ணிற ஆடை பூண்டு, ஆடவரோடு இணைந்து நடிப்பதைத் துறந்தார். பின்னர்த் தனியே இசையரங்குகளிலும் தேசிய மேடைகளிலும் பாடினார். 1935-இல் வெளிவந்த 'நந்தனார்' திரைப்படத்தில் ஆண் வேடமான நந்தனாராகவே தோன்றினார். 1953-இல் 'ஔவையார்' வெளிவந்தது. சட்ட மேலவை உறுப்பினருமானார். துணையிழந்த குரல் தளரவில்லை. மாறாக, நாட்டுக்கே உரியதாயிற்று.

நாடகம் அவருக்கு ஈந்தது யாது? ஒலிபெருக்கி பரவாத காலத்தில் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் சொல் சிதையாமல் கேட்கும்படி பாடும் ஆற்றலை ஈந்தது. ஆகவே நாடகத்திலிருந்து திரும்புவோர் வெறுங்கையோடு திரும்புவதில்லை.

பாடல் புனைவோர்க்கும் இது பொருந்தும். நாடகப் பாட்டைக் கதை தாங்குகிறது. வேடமும் ஒளியும் அதன் குறையை மறைக்கின்றன. தனிப்பாட்டுக்கோ சொல்லும் சந்தமுமே துணை. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) நடிகராக இருந்து, நடிப்பைத் துறந்து, நாடக ஆசிரியரானார். அவர்தம் பாடல்கள் நாடகத்தை விட்டுப் பிரிந்தும் மக்கள் நாவில் வாழ்ந்தமைக்குச் சொல்வளமே காரணம். காயல்பட்டினத்துக் காசிம் புலவர், அருணகிரிநாதரின் சந்தத்தைப் போற்றி, நபிகள் நாயகத்தின் மீது திருப்புகழ் பாடினார். திருத்தணிகையில் ஒலிக்கும் சந்தமும் காயலில் பிறந்த பாட்டும் ஒரே தமிழின் பிள்ளைகள் அல்லவா? முனாஜாத்தும் கிஸ்ஸாவும் ஒருவர் ஓதப் பலர் கேட்டு வளர்ந்தவையே. எனவே தனிக்குரல் நம் சமுதாயத்திற்குப் புதிதன்று.

"நாடகம் ஒற்றுமையைக் கற்பிக்கும், தனித்துப் பாடுதல் செருக்கை வளர்க்கும்" என்பர் சிலர். முற்பகுதியை மறுப்பதற்கில்லை. ஆனால் நாடகத்தில் ஒருவன் வசனத்தை மறந்தால் உடனிருப்பவன் காப்பான். தெருக்கூத்தில் களைத்தவனைப் பின்பாட்டுத் தாங்கும். தனித்துப் பாடுவோன் தடுமாறினால் அத்தடுமாற்றம் அவையோர் அனைவர்க்கும் புலப்படும். அச்சோதனை செருக்கை வளர்ப்பதைவிட அடக்கத்தை வளர்ப்பதே மிகுதி.

அரக்கோணம் நான்கு திசை இருப்புப்பாதைகள் கூடும் சந்திப்பு. 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாசா வரை இடப்பட்ட தென்னகத்தின் முதல் பயணிகள் பாதையிலேயே நம் ஊர் அமைந்தது. சந்திப்பில் கூடிய வண்டிகள் பிரிந்து தத்தம் வழியே செல்வதை யாரும் இழப்பென்று கருதுவதில்லை. நாடகமும் அத்தகைய சந்திப்பே.

இனி நாம் செய்யத்தக்கவை சில. கல்லூரி விழாக்களில் நாடகத்திற்கு ஒதுக்கும் நேரத்தில் கால்மணியாவது, தாமே எழுதித் தாமே பாடும் மாணவ மாணவியர்க்கு வழங்கவேண்டும். நாடகம் முடிந்ததும் பாட்டுக் குறிப்பேடுகள் பழைய தாளோடு எடைக்குப் போகும் நிலை மாறி, அப்பாடல்கள் ஆண்டுமலரில் இடம்பெறவேண்டும். சமுதாயப் பெரியோர்கள் முன்வரிசையில் அமர்ந்து கேட்பது, பரிசுக் கோப்பையினும் பெரிய ஊக்கமாகும்.

மாணவச் செல்வங்களே! திரை விழுந்தபின் நண்பர்கள் பிரிவர். பாட்டு உங்களோடு இருக்கும். தயங்காது எழுந்து நின்று பாடுங்கள்.