மார்கழிக் குளிருக்கு மெல்லிசு ஆயிலா?

மார்கழி பிறந்தால் போதும், பழைய கார் வைத்திருப்பவர்களைத் தேடி ஒரு இலவச ஆலோசனை வந்துவிடும். "குளிர்காலம் சார்! 5 டபிள்யூ 30 ஊத்துங்க. காலையில பட்டுனு ஸ்டார்ட் ஆகும்." சொல்பவர் கனடாக்காரர் யாரோ எடுத்த வீடியோவைப் பார்த்திருப்பார். கேட்பவர் இருப்பதோ கரையாம்புத்தூரில்!

முதலில் அந்த எண்களைப் பார்ப்போம். டபிள்யூ என்றால் விண்டர், அதாவது குளிர்காலம். எஸ்.ஏ.இ. ஜே300 தரவிதிப்படி, 20 டபிள்யூ ஆயில் இன்ஜினைச் சுற்ற விடுகிறதா என்று சோதிப்பது மைனஸ் 15 டிகிரியில். 5 டபிள்யூ என்றால் மைனஸ் 30. பாகூர் பக்கம் மார்கழி விடியற்காலையில் எவ்வளவு இருக்கும்? 20 டிகிரியை ஒட்டி. மப்ளர் சுற்றிக்கொண்டு டீக்கடைக்குப் போகிற மனுஷனுக்குத்தான் அது குளிர். இன்ஜினுக்கு இல்லை.

வண்டி சூடான பிறகு பேசுவது இரண்டாவது எண். 100 டிகிரியில் 30 கிரேடு ஆயிலின் பாகுநிலை 9.3 முதல் 12.5 வரை. 50 கிரேடுக்கு 16.3 முதல் 21.9 வரை. கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி வித்தியாசம்! பேரிங் தேய்ந்த பழைய இன்ஜினில் மெல்லிய ஆயில் இடுக்கு வழியாக ஓடிவிடும், பிரஷர் இறங்கும். சிக்னலில் நிற்கும்போது ஆயில் லைட் கண்ணடிக்கும். குளிருக்குப் பயந்து செய்த வைத்தியம், வெயிலில் இன்ஜினைத் தின்னும்.

நம் ஊர் உதாரணமே இருக்கிறது. 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தில் 1962இல் வந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார், இதே ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கிக் கட்டியதுதான். ஆனால் இங்கிலாந்து ஸ்பிட்ஃபயர்காரர் ஜனவரியில் பனி மூடிய தெருவில் சாவி போடுகிறார். அவர் மெல்லிய ஆயில் தேடுவதில் நியாயம் உண்டு. இங்கே ஹெரால்டு வைத்திருப்பவர் அதை அப்படியே காப்பி அடிப்பதில் என்ன நியாயம்? அந்தத் தலைமுறை வண்டிக்கு வருஷம் முழுக்க 20 டபிள்யூ 50 போதும். ஸ்டார்ட் செய்து அரை நிமிஷம் உறுமாமல் விட்டால், அதுவே நம் ஊர் குளிர்கால வைத்தியம்.

"அப்போ எல்லா வண்டிக்கும் கெட்டி ஆயில்தானே நல்லது?" என்று கிளம்பிவிட வேண்டாம். புது இன்ஜினுக்குக் கம்பெனி 0 டபிள்யூ 20 என்று சொல்லியிருந்தால் அதுதான் சரி. அதன் இடைவெளிகளே அதற்காக அளந்து வைத்தவை. கையேட்டில் உள்ளதை ஊற்ற வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் ஊற்றுவதை அல்ல.

சரி, இங்கே குளிர்காலத்தில் ஆபத்தே இல்லையா? இருக்கிறது. அதன் பெயர் தண்ணீர். 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி, பாகூர் பகுதிக் கிராமங்களுக்குள் புகுந்தது. அப்படி முங்கிய வண்டியில் சாவியைத் திருப்பினால் முடிந்தது கதை. முதலில் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்க வேண்டும். ஆயில் பால் கலந்த டீ போல வெளுத்திருந்தால், அது எந்த கிரேடாக இருந்தாலும் குப்பைதான். இறக்கிவிட்டு, ஃபில்டரோடு மாற்ற வேண்டும்.

வெள்ளமே வராவிட்டாலும், ஷெட்டில் மாதக்கணக்கில் தூங்கி, எப்போதாவது கடைத்தெரு வரை மட்டும் போய்வரும் வண்டியில் ஈரம் சேரும். ஆயில் முழுசாகச் சூடானால்தான் அது ஆவியாகும். வாரம் ஒருமுறை வில்லியனூர் வரை ஓட்டிவிட்டு வந்தால் போதும்.

ஆக, விலை உயர்ந்த மெல்லிசு ஆயிலுக்குக் கொடுக்கிற காசை மிச்சம் பிடித்து, மழை ஓய்ந்ததும் ஒருமுறை ஆயில் மாற்றுங்கள். இங்கே பழைய இன்ஜினைக் கொல்வது மார்கழிப் பனி இல்லை. ஐப்பசி, கார்த்திகைத் தண்ணீரும், அடுத்த ஊர் அறிவுரையும்தான்!