முதியோர் குடியிருப்புகள்: கட்டடத்துக்குச் சட்டம் உண்டு, சேவைக்கு?

புதுதில்லி: வீடு வாங்குவோரைப் பாதுகாக்க நாடாளுமன்றம் 2016 மார்ச்சில் நிறைவேற்றிய ரியல் எஸ்டேட் (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாடு) சட்டம், கட்டுமான நிறுவனத்துக்கும் குடியிருப்போர் சங்கத்துக்கும் இடையிலான உறவைப் பெருமளவு வரையறுத்துவிட்டது. ஆனால், முதியோருக்கென எழுப்பப்படும் குடியிருப்புகளில் அந்த உறவு, சட்டம் கருதிய இடத்தில் முடிவதில்லை.

2013-இல் மாநிலங்களவையில் அறிமுகமான இம்மசோதாவை அனில் மாதவ் தவே தலைமையிலான தேர்வுக் குழு ஆராய்ந்தது. பெரும்பான்மை வீடுகள் பதிவானதும் சங்கம் அமைய நிறுவனம் வழிசெய்ய வேண்டும். சங்கம் பொறுப்பேற்கும் வரை நியாயமான கட்டணத்தில் அத்தியாவசிய சேவைகளை வழங்க வேண்டும். பொது இடங்களைச் சங்கத்தின் பெயருக்கு எழுதித் தர வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்குள் தெரியவரும் கட்டமைப்புக் குறைகளைச் செலவின்றிச் சரிசெய்ய வேண்டும் என்கிறது சட்டம்.

சாதாரண அடுக்குமாடிக் குடியிருப்பில் இத்துடன் நிறுவனம் விடைபெறலாம். கோவை, புணே, தில்லியை ஒட்டிய பிவாடி போன்ற இடங்களில் உருவாகியுள்ள முதியோர் குடியிருப்புகளின் நிலை வேறு. அங்கு வீட்டுடன் சேர்த்தே பொதுச் சமையற்கூடம், துப்புரவு, செவிலியர் உதவி, அவசர ஊர்தி ஆகியவையும் விற்கப்படுகின்றன. கட்டிய நிறுவனமோ, அதன் துணை நிறுவனமோ அவற்றைத் தொடர்ந்து நடத்துவது வழக்கம்.

யார் கை ஓங்குகிறது?

பொது இடங்கள் கைக்கு வந்தபின் சங்கமே உரிமையாளர். ஆனால், மூன்று வேளை உணவுக்கு அது நிறுவனத்தையே நம்பியிருக்கிறது. கட்டணம் உயரும்போது சங்கம் கணக்குக் கேட்கிறது. கூலியும் விலைவாசியும் உயர்ந்துவிட்டதாக நிறுவனம் பதிலளிக்கிறது. ஒப்பந்தத்தை முறித்தால் சமையலரும் செவிலியரும் ஒரே நாளில் வெளியேறக்கூடும். எண்பது வயதைக் கடந்தவர்கள் அந்த இடைவெளியைத் தாங்க முடியாது. எனவே, பேச்சுவார்த்தையில் நிறுவனத்தின் கையே ஓங்குகிறது.

நிறுவனங்களின் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. வீட்டை வாங்கிப் பூட்டி வைத்திருப்பவர்கள் கட்டணத்தைக் குறைக்கவே விரும்புவர். அங்கேயே வசிப்பவர்களுக்குச் சேவையே முக்கியம். சங்கத்துக்குள்ளேயே எழும் இந்தப் பிளவால் நிர்வாகம் தடுமாறினால், சேவையும் தடைபடும்.

வரிவிதிப்பிலும் ஒரு முடிச்சு உண்டு. சங்கம் தன் உறுப்பினரிடம் வசூலிக்கும் பராமரிப்புக் கட்டணத்துக்கு மாதம் ரூ.7,500 வரை ஜி.எஸ்.டி. விலக்கு உள்ளது. நிறுவனமே நேரடியாக வசூலித்தால் இந்த விலக்கு கிடையாது.

கட்டாயமில்லாத வழிகாட்டுதல்

ஓய்வுக்கால இல்லங்களுக்கான மாதிரி வழிகாட்டு நெறிமுறைகளை மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-இல் வெளியிட்டது. கட்டுநர், சேவை வழங்குவோர், வாங்குவோர் ஆகியோரிடையே முத்தரப்பு ஒப்பந்தம் தேவை என்ற கருத்து அதில் இடம்பெற்றது. எனினும், நிலம் மாநிலப் பட்டியலில் இருப்பதால் மத்திய அரசு அறிவுறுத்தத்தான் முடிந்தது. 2024-இல் மகாராஷ்டிர ஒழுங்குமுறை ஆணையம் முதியோர் குடியிருப்புகளுக்கு நிபந்தனைகள் விதித்தது. மின்தூக்கி, சாய்தளம், கதவின் அகலம் போன்ற கட்டட அமைப்புகளே அதன் முதன்மைக் கவனமாக இருந்தன.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் அறுபது வயதைக் கடந்தவர்கள் சுமார் 10.4 கோடி. 2050-இல் ஐந்தில் ஒருவர் முதியவராக இருப்பார் என ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் 2023 அறிக்கை மதிப்பிடுகிறது. இத்தகைய குடியிருப்புகளை நாடுவோர் எண்ணிக்கையும் உயரவே செய்யும்.

இதற்காக நாடாளுமன்றம் மீண்டும் சட்டம் இயற்றும் வரை காத்திருக்கத் தேவையில்லை. உத்தரவு பிறப்பிக்கும் அதிகாரம் மாநில ஆணையங்களுக்கு இப்போதே உண்டு. சேவைக் கட்டணம் உயரும் முறை, தணிக்கை செய்யப்பட்ட கணக்கு, மொத்தமாகப் பெறப்பட்ட பராமரிப்பு வைப்புநிதிக்குத் தனிக் கணக்கு, நிறுவனம் மாறும்போது சேவை தடைபடாமலிருக்க முன்னறிவிப்புக் காலம் ஆகிய நான்கையும் விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதச் செய்யலாம். வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்து வீடு வாங்கிய முதியவர், அடுத்த வேளை உணவுக்காக நிறுவனத்திடம் பணிந்துபோக வேண்டிய நிலை அப்போதுதான் மாறும்.