வென்றவன் வைத்ததே பெயரா?

எங்கள் றெஸ்ரோறன்றில் கோப்பை கழுவும் பொடியன் ஒருவன். இங்கேயே பிறந்தவன். போன சனிக்கிழமை வேலை முடிந்தபிறகு தனது மடிக்கணினியைத் திறந்து காட்டினான். ‘யூரோப்பா யூனிவேர்சாலிஸ் 4’ என்று ஒரு விளையாட்டு. சுவீடன் நாட்டுப் பரடொக்ஸ் நிறுவனம் 2013 இல் வெளியிட்டது. 1444 நவம்பர் 11 இல் தொடங்கி, உலக வரைபடத்தில் நாடு நாடாகப் பிடித்துக்கொண்டு போகலாம். அதற்கு இவன் ஒரு ‘மொட்’ செய்திருக்கிறான். அதாவது விளையாட்டின் கோப்புகளைத் திருத்தி எழுதிய தன்னுடைய பதிப்பு. இலங்கை முழுவதும் தமிழ்ப் பெயர். பொலனறுவை இருக்கவேண்டிய இடத்தில் ஜனநாதமங்கலம். கெடாவுக்குக் கடாரம். “எப்பிடி அண்ணை?” என்றான். நான் சிரித்துவிட்டு பஸ் பிடிக்க ஓடிவிட்டேன். அந்தச் சிரிப்புக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

விளையாட்டுத்தானே, விடும் என்பார்கள் எம்மவர். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் நித்திரை கொண்ட பிள்ளைகள் வரலாற்றைப் படிப்பது இந்த வரைபடங்களில்தான். கம்பஸில் வரலாற்றை இரண்டாம் வருடத்தோடு விட்டுவந்தவன் நான். என்னைவிட அவனுக்கு ஆண்டுகள் நன்றாகத் தெரியும்.

விளையாட்டு செய்வதைப் பாருங்கள். ஒவ்வோர் ஊருக்கும் ஓர் இலக்கம், ஒரு சிறிய கோப்பு. உரிமையாளன் யார், சனம் எந்தப் பண்பாடு, எந்த மதம் என்று வரிவரியாக எழுதியிருக்கும். கொன்ஸ்தாந்திநோப்பிள் 151 ஆம் இலக்கம். சனம் கிரேக்கர். துருக்கியர் பிடித்தாலும் அந்த வரி கிரேக்கர் என்றே இருக்கும். அதை மாற்ற விளையாடுபவன் தனது இராஜதந்திரப் புள்ளிகளைச் செலவழிக்க வேண்டும், காலம் காத்திருக்க வேண்டும். ஆனால் பெயர்? நகரம் கைமாறியதும் தானாக மாறிவிடும். ஒரு சதம் செலவில்லை.

உண்மையில் நடந்தது வேறு. 1453 இல் நகரத்தைப் பிடித்த ஒட்டோமன்கள் பழைய பெயரைத் தூக்கி எறியவில்லை. தமது நாணயங்களில் ‘கொஸ்தந்தினிய்யே’ என்று நூற்றாண்டுக்கணக்காக அதையே பொறித்தார்கள். இஸ்தான்புல் என்ற பெயரும் ‘நகருக்குள்’ என்ற கிரேக்கச் சொற்றொடரிலிருந்து வந்தது என்பதே பெரும்பாலோர் கருத்து. வெளிநாட்டுக் கடிதங்களிலும் இஸ்தான்புல் என்றே எழுதவேண்டும் என்று துருக்கி அரசு கட்டாயப்படுத்தியது 1930 இல். சுல்தான்களுக்கு வராத அவசரம் அரசாங்க அலுவலகங்களுக்கு வந்தது.

எங்கள் குசினியில் சலாட் வெட்டும் போலந்துப் பெண் விறொட்ஸ்வாவ் நகரத்தவள். 1945 வரை அது பிறெஸ்லவ் என்ற ஜெர்மன் நகரம். ஜெர்மன்காரரைத் துரத்திவிட்டு, கிழக்கே சோவியத்திடம் போன ல்வூவ் நகரத்துப் போலந்துக்காரர் பலரை அங்கே குடியேற்றினார்கள். இவளுடைய பாட்டியும் அப்படி வந்தவள். யாரோ ஒரு ஜெர்மன்காரியின் கோப்பைகளில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு சாகும்வரை ல்வூவ் என்றே சொன்னாளாம். இன்று அங்கே வாழும் உக்ரேனியருக்கு அது ல்விவ். ஆஸ்திரியர் ஆண்டபோது லெம்பேர்க். இவள் உக்ரேனியரிடம் ல்விவ் என்பாள், தாயிடம் ல்வூவ் என்பாள். அவளுக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை.

எமக்கும் இது புதிதல்ல. 1984 கடைசியில் மணலாற்றுச் சனத்தை எழுப்பினார்கள். 1988 இல் அதற்கு வெலிஓயா என்று பெயர் வைத்தார்கள். மொழிபெயர்ப்பு சரி, வெலி என்றால் மணல், ஓயா என்றால் ஆறு. பிழை மொழிபெயர்ப்பில் இல்லை. இங்கே பெயரோடு சனத்தையும் மாற்றினார்கள், விளையாட்டைவிடக் கெட்டித்தனமாக.

ஆனால் தம்பி, நீ போட்ட ஜனநாதமங்கலம் யார் வைத்த பெயர்? சோழப்படை அநுராதபுரத்தை அழித்துவிட்டுப் பொலனறுவையைத் தலைநகராக்கி வைத்த பெயர். ஜனநாதன் என்பது இராஜராஜனின் பட்டப்பெயர். 1070 இல் விஜயபாகு சோழரைத் துரத்தியபின் அந்தப் பெயரை யாரும் வாயில் வைத்திருக்கவில்லை. அவனும் தன் பங்குக்கு விஜயராஜபுரம் என்று வைத்தான், அதுவும் போயிற்று. பொலனறுவை நின்றது. வெலிஓயாவுக்கு ஊர்வலம் போகிற நாம் ஜனநாதமங்கலத்துக்குக் கைதட்டினால், எமது கோபம் பெயரை அழித்ததற்கா, அழித்தவன் நாமல்ல என்பதற்கா? கடாரத்திலும் இதே கதைதான். 1025 இல் படையெடுத்துப் போனவனின் வாய்ச்சொல்லை அங்கே காலங்காலமாக வாழும் மலாய்க்காரர் மேல் ஒட்டுகிறாய்.

மொட் செய்யாதே என்று சொல்லவரவில்லை. நிறுவனம் பூட்டி வைக்காத கோப்பு அது, எழுது. பெயர் எழுதும் இடத்தில் மேற்கோள் குறிக்குள் இரண்டு பெயரை அருகருகே போட்டாலும் விளையாட்டு ஏற்கும். ல்விவ், ல்வூவ் என்று போடு. உரிமையாளன் வரியைப் பார்க்காமல் சனத்தின் வரியைப் பார்த்துப் பெயர் வை. அதற்கு நூலகத்துக்குப் போகவேண்டிவரும், கஷ்டம்தான்.

நேற்று அவனிடம் கேட்டேன், மணலாற்றை எங்கே போட்டாய் என்று. என் அம்மாவின் ஊர் அந்தப் பக்கம். அவன் வரைபடத்தைப் பெரிதாக்கித் தேடினான். வடக்கு முழுவதற்கும் யாழ்ப்பாணம் என்று ஒரே பெயர்தான் இருந்தது.