ஒரு வசனத்தை மட்டும் உருவினால்...

லூக்கா 19:27-ஐ மட்டும் உருவிக்கொண்டு, "எதிரிகளை வெட்டச் சொன்னவர்தான் இயேசு" என்று சிலர் கிளம்பிவிடுகிறார்கள். அய்யா, அது இயேசு இட்ட கட்டளை அல்ல. அவர் சொன்ன உவமையில் ஒரு ராஜா பேசுவது. 11-ஆம் வசனத்திலிருந்து படித்தாலே தெரிந்துவிடும்.

கதை சொல்லப்பட்டது சகேயுவின் ஊரான எரிகோவை ஒட்டி. அங்கே அரண்மனையைப் புதுப்பித்துக் கட்டியவன் ஏரோதின் மகன் அர்கெலாயு. கி.மு. 4-இல் அப்பன் செத்ததும் ராஜ பட்டம் கேட்டு ரோமுக்குப் போனான். 'இவன் எங்களுக்கு வேண்டாம்' என்று யூதர்கள் 50 பேர் பின்னாலேயே போய் அகுஸ்து ராயனிடம் முறையிட்டார்கள். உவமையிலும் அச்சு அசல் இதே! கேட்டவர்களுக்கு விளக்கமே தேவைப்பட்டிருக்காது.

அதற்காக 'அது வெறும் சரித்திரம்' என்று நழுவும் விசுவாசிகளும் சரியில்லை. நியாயத்தீர்ப்பு அங்கே இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது ராஜா திரும்பி வந்த பிறகு. அதுவரை ஊழியக்காரருக்குக் கொடுத்த வேலை வியாபாரம், வாள் அல்ல (பி.காம். படிப்பவர்கள் கவனிக்க!). அதே அதிகாரம் 41-ஆம் வசனத்தில் எருசலேமைப் பார்த்து இயேசு அழுகிறார். அதை மட்டும் யாரும் உருவுவதில்லை.

நம் வாக்குத்தத்த அட்டைகள் மட்டும் என்னவாம்? பரீட்சை, வேலை, விசா எல்லாவற்றுக்கும் எரேமியா 29:11. அது பாபிலோனில் சிறைப்பட்டுக் கிடந்தவர்களுக்குப் போன கடிதம். முந்தின வசனத்திலேயே 70 வருஷம் என்று இருக்கிறது. கடிதம் கேட்ட பெரியவர்கள் பலர் ஊர் திரும்பாமலே செத்திருப்பார்கள். அந்த எழுபதை அட்டையில் அச்சடிக்க ஏன் ஒருவருக்கும் மனசு வரவில்லை?