கணிதத்தில் ஏ எடுத்த நம் பெண்பிள்ளைகள்

சாதாரண தரப் பெறுபேறு வந்துவிட்டது. கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் ஏ எடுத்த பெண்பிள்ளைகள் ஊரில் இருக்கிறார்கள். ஆனாலும் பல வீடுகளில் முடிவு எடுத்தாயிற்று, கணிதப் பிரிவு வேண்டாமாம். "இஞ்சினியருக்குப் படிச்சு பொம்புளப் புள்ளைக்கு ஆரு வேல குடுக்கப் போறான்?"

இந்தக் கேள்விக்கு உண்மையாகவே முகம் கொடுத்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எடித் கிளார்க், 1883இல் அமெரிக்காவில் பிறந்தவர். சிறு வயதிலேயே தாய் தகப்பன் இருவரையும் இழந்தார். தனக்கு வந்த சொத்துக் காசை வாசர் கல்லூரியில் கணிதமும் வானியலும் படிக்கச் செலவழித்தார். (பெண்பிள்ளை பிறந்ததுமே வீடு கட்டக் கல் சேர்க்கிற நமக்கு இது கொஞ்சம் உறைக்கும்.) 1908இல் படிப்பை முடித்து, நம்மைப் போலவே பாடசாலையில் கணிதமும் பௌதிகவியலும் படிப்பித்தார்.

1919இல் எம்.ஐ.டி.யில் மின்பொறியியலில் முதுமாணிப் பட்டம் எடுத்தார். அங்கே அந்தப் பட்டத்தைப் பெற்ற முதல் பெண் அவர்தான். அதற்குப் பிறகும் பொறியியலாளர் வேலை கொடுக்க ஆளில்லை. ஜெனரல் எலக்ட்ரிக் கம்பனியில் கணக்குப் போடுகிறவர்களை மேற்பார்வை செய்யும் வேலைதான் கிடைத்தது. அங்கிருந்தபடியே, நீண்ட தூர மின்கம்பிகளுக்கான சிக்கலான சமன்பாடுகளை இலகுவாகத் தீர்க்கும் வரைபுக் கருவி ஒன்றைக் கண்டுபிடித்தார். 1921இல் வேலையை விட்டுத் துருக்கிக்குப் போய், இஸ்தான்புல்லில் ஒரு பெண்கள் கல்லூரியில் பௌதிகவியல் படிப்பித்தார். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது அதே கம்பனி அவரைப் பொறியியலாளராகவே எடுத்தது. மூன்று பேஸ் மின்சாரத்தின் கணக்கைச் சுருக்க அவர் தந்த வழி, கிளார்க் மாற்றம் என்ற பெயரில் இன்றும் மோட்டார்களைக் கட்டுப்படுத்தப் பயன்படுகிறது. 1947இல், அறுபது வயது தாண்டிய பிறகு, டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பேராசிரியரானார். அமெரிக்காவில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். ஏறத்தாழ பத்து வருடம் அங்கே படிப்பித்தார்.

ஆக, "வேலை கிடைக்காது" என்பது 1919இன் கதை. இன்றைக்கு அதைச் சொல்லித் தப்ப முடியாது.

ஆனால் பெற்றோரை மட்டும் குறை சொல்லவும் எங்களுக்கு மனமில்லை. கிளார்க்குக்குப் படிப்பிக்க ஆள் இருந்தது. நம் பக்கத்துப் பெண்கள் பாடசாலைகள் பலவற்றில் உயர்தரத்துக்குக் கலையும் வர்த்தகமும்தான். இணைந்த கணிதத்துக்கு ஆசிரியர் கேட்டால் பிள்ளைகள் இல்லை என்கிறார்கள். பிள்ளைகளைக் கேட்டால் ஆசிரியர் இல்லை என்கிறார்கள். பிறகு வெளியூர், பஸ், இருட்டும் வரை டியூசன். உம்மாமாரின் பயம் சிரிக்கிற விஷயமில்லை.

அதனால் கேட்பது இதுதான். பக்கத்துப் பாடசாலைப் பிள்ளைகளையும் சேர்த்து ஒரே வகுப்பாக நடத்தலாம். வேனுக்கு ஊர் செலவு பார்க்கலாம். எத்தனை பிள்ளைகள் என்று பெயரோடு பட்டியல் இருந்தால்தான் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் வலயக் கல்விப் பணிமனைக்குப் போய் ஆசிரியர் கேட்க முடியும். கலைப் பிரிவுக்குப் படிவம் நிரப்புவதற்கு முதல், பெறுபேற்றுத் தாளை எடுத்துக்கொண்டு பிள்ளையோடு ஒருக்கால் பாடசாலைக்கு வாருங்கள். வாப்பாமாரும்தான்.