பங்கீட்டில் பிறந்தது, பங்கீட்டில் உடைந்தது
இராக்கின் ஷியா கூட்டணி கற்பிக்கும் பாடம்

இராக்கைப் பற்றி எழுதும்போதெல்லாம் மேலைநாட்டு முதலாளித்துவ ஏடுகள் ஒரே பல்லவியைப் பாடுகின்றன. ஷியாக்களும் சன்னிகளும் ஆயிரத்து நானூறு ஆண்டுகளாகப் பகைவர்கள். சதாம் உசேனின் இரும்புக்கரம் அகன்றவுடன் அந்தப் பழம்பகை வெளிப்பட்டது. ஷியாக்கள் பெரும்பான்மையினர் ஆதலால் ஷியா கட்சிகள் ஆட்சியைப் பிடித்தன என்பதே அந்தப் பல்லவி. இந்தியப் பத்திரிகைகள் பலவும் இதை வரி மாறாமல் பெயர்த்து வெளியிடுகின்றன.

இந்த விளக்கம் உண்மையானால் ஒரு கேள்விக்கு விடை கூறியாக வேண்டும். 2008ஆம் ஆண்டு மார்ச்சில் பஸ்ரா நகரத் தெருக்களில் ஒரு ஷியா பிரதமரின் படை ஷியா மதத்தலைவர் ஒருவரின் படையோடு மோதியது. 2022ஆம் ஆண்டு ஆகஸ்டில் பாக்தாத்தின் பசுமை வளாகத்தில் ஷியா அணிகள் ஒன்றையொன்று சுட்டன. சுமார் 30 பேர் மாண்டனர். ஆயிரத்து நானூறு ஆண்டுப் பகை இங்கே எங்கிருந்து வந்தது? ஒரே பிரிவு, ஒரே தொழுகை, ஒரே புனித நகரங்கள். ஆயினும் குண்டுகள் பாய்ந்தன. மதப்பிரிவை வைத்து இதை விளக்க இயலாது. அரசதிகாரம், எண்ணெய் வருவாய், அவற்றைப் பங்கிடும் முறை ஆகிய மூன்றையும் வைத்தே விளக்க இயலும்.

கணக்கைத் தொடங்கி வைத்தது யார்?

2003ஆம் ஆண்டு ஜூலையில், அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் தலைவர் பால் பிரெமர் 25 பேர் கொண்ட ஆளும் அவையை நியமித்தார். அதன் உறுப்பினர்கள் எந்தக் கொள்கையைச் சேர்ந்தவர்கள் என்ற அடிப்படையில் தேர்ந்தெடுக்கப்படவில்லை. 13 ஷியாக்கள், 5 சன்னிகள், 5 குர்துகள், ஒரு துர்க்மானியர், ஒரு கிறித்தவர் என்று எண்ணி நிரப்பப்பட்டனர். இராக் கம்யூனிஸ்ட் கட்சியின் செயலாளர் ஹமீத் மஜீத் மூசாவும் அந்த அவையில் இருந்தார். அவர் எந்தக் கணக்கில் வந்தார் தெரியுமா? 13 ஷியாக்களுள் ஒருவராக! பிறப்பினால் ஒட்டிய பிரிவைத் தவிர வேறெந்த அடையாளத்தையும் ஆக்கிரமிப்பாளரின் கணக்குப் புத்தகம் ஏற்கவில்லை.

இந்த முறையை இராக் மக்கள் ‘முஹாசஸா’ என்கின்றனர். பங்கு போடுதல் என்பது அதன் பொருள். 1909ஆம் ஆண்டு மிண்டோ-மார்லி சீர்திருத்தத்தில் முஸ்லிம்களுக்குத் தனித்தொகுதி வகுத்த பிரிட்டிஷ் ஆட்சியின் சூழ்ச்சியை அறிந்த இந்திய மக்களுக்கு இது புதிய செய்தியன்று.

அதே பிரெமர் 2003ஆம் ஆண்டு செப்டம்பரில் 39ஆம் எண் ஆணையையும் பிறப்பித்தார். இயற்கை வளங்கள் முதலான சில துறைகள் நீங்கலாக, இராக்கிய நிறுவனங்களில் அன்னியர் நூறு விழுக்காடு உடைமை பெற அது வழி திறந்தது. பொதுத்துறையில் தொழிற்சங்கங்களைத் தடை செய்து சதாம் 1987ஆம் ஆண்டில் கொண்டுவந்த சட்டமோ கைவிடப்படவில்லை. சதாமின் சிலையை வீழ்த்தியவர்கள் தொழிலாளியின் கழுத்தில் சதாம் மாட்டிய கயிற்றை மட்டும் பத்திரமாக வைத்துக் கொண்டனர். மதப்பிரிவுப் பங்கீடும் தனியார்மயமும் ஒரே மேசையிலிருந்து புறப்பட்டவை என்பதை மறக்கலாகாது.

மெழுகுவர்த்தியின் வெளிச்சம்

ஷியா மக்கள் ஏன் அந்தக் கூட்டணிக்கு வாக்களித்தார்கள் என்பதை நேர்மையாகப் பார்க்க வேண்டும். சதாம் ஆட்சியில் அவர்கள் பட்ட கொடுமை பொய்யன்று. 1980ஆம் ஆண்டில் மதஅறிஞர் முகம்மது பாகிர் அல் சதர் கொல்லப்பட்டார். 1991ஆம் ஆண்டின் தெற்கத்திய எழுச்சி இரத்தத்தில் மூழ்கடிக்கப்பட்டது. வாக்குரிமையும்கூட ஆக்கிரமிப்பாளர் விரும்பிக் கொடுத்த கொடையன்று. அரசமைப்பை எழுதும் அவை மக்களால் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்று 2003ஆம் ஆண்டு ஜூனில் ஆயதுல்லா சிஸ்தானி அறிவித்தார். 2004ஆம் ஆண்டு ஜனவரியில் பஸ்ராவிலும் பாக்தாத்திலும் பெருந்திரளாக மக்கள் தெருவில் இறங்கினர். அதன் பிறகே வாஷிங்டன் பணிந்தது.

அந்த மக்கள் எழுச்சியின் பலனை அறுவடை செய்ய அமைக்கப்பட்டதுதான் ஐக்கிய இராக்கிய கூட்டணி. மெழுகுவர்த்தி அதன் சின்னம். 169 அதன் பட்டியல் எண். அப்துல் அஜீஸ் அல் ஹக்கீமின் இஸ்லாமியப் புரட்சிக்கான உயர் கவுன்சில், இப்ராஹிம் அல் ஜாஃபரியின் தாவா கட்சி, ஃபதீலா கட்சி, முக்ததா அல் சதரின் ஆதரவாளர்கள் ஆகியோர் அதில் இருந்தனர். அமெரிக்க இராணுவத் தலைமையகத்தின் செல்லப்பிள்ளையாக இருந்த அகமது சலாபியும் அதே பட்டியலில் இடம்பிடித்தார். ஆக்கிரமிப்பை எதிர்த்து ஆயுதம் ஏந்தியவரின் ஆட்களும், ஆக்கிரமிப்பை அழைத்து வந்தவரும் ஒரே பட்டியலில்! இவர்களுக்குப் பொதுவான பொருளாதாரக் கொள்கை உண்டா? நிலம், கூலி, எண்ணெய் பற்றி ஒருமித்த கருத்து உண்டா? பிறந்த பிரிவு ஒன்றே பொது.

2005ஆம் ஆண்டு ஜனவரி 30 தேர்தலில் இக்கூட்டணி சுமார் 48 விழுக்காடு வாக்குகளையும் 275 இடங்களில் 140 இடங்களையும் பெற்றது. சன்னி மக்கள் பெருமளவில் புறக்கணித்த தேர்தல் அது. அதே ஆண்டு டிசம்பரில் நடந்த தேர்தலில் 128 இடங்கள் கிடைத்தன. அந்த டிசம்பரில் வாக்காளர்களில் நான்கில் மூன்று பங்கினர் வாக்குச்சாவடிக்கு வந்தனர். அவ்வளவு நம்பிக்கை வைத்து வந்த மக்களுக்குக் கிடைத்தது என்ன? உள்துறை உயர் கவுன்சிலின் கைக்குப் போயிற்று. 2005ஆம் ஆண்டு நவம்பரில் பாக்தாத்தின் ஜாதிரியா பகுதியில் அத்துறையின் இரகசியச் சிறை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. சுமார் 170 கைதிகள் அங்கே பட்டினி போடப்பட்டும் வதைக்கப்பட்டும் கிடந்தனர். மறு ஆண்டு பிப்ரவரி 22இல் சாமர்ரா மசூதி தகர்க்கப்பட்டதும் நாடே உள்நாட்டுப் போரில் வீழ்ந்தது.

உடைந்தது எங்கே?

கூட்டணியின் விரிசலைப் பின்தொடர்ந்தால் ஒவ்வொரு முறையும் ஒரு நாற்காலியையோ ஓர் எண்ணெய்க் கிணற்றையோ சென்றடையலாம். 2006ஆம் ஆண்டு பிப்ரவரியில் பிரதமர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கூட்டணிக்குள் வாக்கெடுப்பு நடந்தது. ஜாஃபரிக்கு 64, உயர் கவுன்சிலின் அதில் அப்துல் மஹ்திக்கு 63. ஒரே வாக்கு வேறுபாடு! ஏப்ரலில் அமெரிக்க வெளியுறவு அமைச்சரும் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சரும் பாக்தாத்துக்கே பறந்து வந்து நெருக்குதல் கொடுத்தனர். ஜாஃபரி விலகினார், அதே தாவா கட்சியின் நூரி அல் மாலிகி பிரதமரானார். மே மாதத்தில், எண்ணெய்த்துறை கிடைக்காத மனக்கசப்பில் ஃபதீலா அமைச்சரவைப் பேச்சுகளிலிருந்து வெளியேறியது. 2007ஆம் ஆண்டு மார்ச்சில் கூட்டணியையே துறந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் சதர் அணியும் பிரிந்தது.

தெற்கின் ஒன்பது மாகாணங்களை ஒரே வட்டாரமாக்க வேண்டுமென்று ஹக்கீம் வாதாடினார். இராக்கின் எண்ணெயில் பெரும்பகுதி அங்கே இருக்கிறது. சதர் அதை எதிர்த்தார். பஸ்ராவில் செல்வாக்குப் பெற்ற ஃபதீலாவோ அந்நகரைப் பிறர் கையில் விடத் தயாராயில்லை. 2008ஆம் ஆண்டு மார்ச்சில் மாலிகி, மாகாணத் தேர்தல் நெருங்கும் வேளையில், பஸ்ராவுக்குப் படையெடுத்தார். அமெரிக்க, பிரிட்டிஷ் விமானங்கள் துணைக்கு வந்தன.

2010ஆம் ஆண்டுத் தேர்தலில் ஷியா கட்சிகள் இரு பட்டியல்களாகப் போட்டியிட்டன. அயாத் அல்லாவியின் அணி 91 இடங்களுடன் முதலாவதாக வந்தது. மாலிகி 89, மற்ற ஷியா கட்சிகளின் அணி 70. ‘மிகப்பெரிய அணி’ என்பது தேர்தலுக்குப் பின்னர் அமையும் அணியாகவும் இருக்கலாம் என்று நீதிமன்றம் விளக்கம் தந்தது. உடனே முறிந்தவை மீண்டும் ஒட்டிக்கொண்டன. ஏறத்தாழ ஒன்பது மாதப் பேரத்துக்குப் பிறகு மாலிகியே மீண்டும் பிரதமர். பதவிக்காகச் சேர்வது, பங்குக்காகப் பிரிவது என்ற இந்தச் சுழற்சி அன்று முதல் நின்றதே இல்லை. 2012ஆம் ஆண்டில் பத்ர் அமைப்பு உயர் கவுன்சிலிலிருந்து பிரிந்தது. 2017ஆம் ஆண்டில் ஹக்கீம் குடும்பத்து வாரிசான அம்மார் அல் ஹக்கீமே தம் குடும்பம் தலைமை தாங்கிய கட்சியை விட்டு வெளியேறிப் புதுக்கட்சி கண்டார்.

எதில் அவர்களுக்குள் பிளவில்லை?

பிரிந்தவர்கள் எதில் பிரியவில்லை என்று பார்ப்பதே வர்க்கப் பார்வை. 2005ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஜாஃபரி அரசு 8750ஆம் எண் ஆணையால் தொழிற்சங்கங்களின் நிதியைத் தன் பிடிக்குள் கொண்டுவந்தது. 2007ஆம் ஆண்டு ஜூனில் பஸ்ரா எண்ணெய்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது மாலிகி அரசு அவர்கள் தலைவர்களுக்குப் பிடியாணை பிறப்பித்தது. அன்னிய நிறுவனங்களுக்கு வழிவிடும் எண்ணெய்ச் சட்ட வரைவை எதிர்த்து நின்றவர்கள் அந்தத் தொழிலாளர்கள். 2010ஆம் ஆண்டு ஜூலையில் மின்துறைச் சங்கங்களின் அலுவலகங்கள் மூடப்பட்டன. இவற்றுள் எதற்காகவும் எந்த ஷியா கட்சியும் கூட்டணியை முறித்துக்கொள்ளவில்லை.

பெண்ணுரிமையிலும் அதே ஒற்றுமை. 1958ஆம் ஆண்டு ஜூலை 14 புரட்சி தந்த நற்பேறுகளுள் ஒன்று 1959ஆம் ஆண்டின் 188ஆம் எண் குடும்பச் சட்டம். ஷியா, சன்னி வேறுபாடின்றி அனைவருக்கும் அது பொது. 2003ஆம் ஆண்டு டிசம்பரில், ஹக்கீம் ஆளும் அவைக்குத் தலைமை வகித்த மாதத்தில், அச்சட்டத்தை ஒழிக்கத் தீர்மானம் நிறைவேறியது. பெண்கள் போராடி இரண்டே மாதங்களில் அதை முறியடித்தனர். விடுவார்களா? 2025ஆம் ஆண்டு ஜனவரியில், குடும்ப விவகாரங்களை மதப்பிரிவு விதிகளிடம் ஒப்படைக்கும் திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேற்றப்பட்டது. அது தனியாக வரவில்லை. சன்னி கட்சிகள் கேட்ட பொதுமன்னிப்புச் சட்டமும், குர்து கட்சிகள் கேட்ட நிலமீட்புச் சட்டமும் சேர்த்துக் கட்டப்பட்டு ஒரே வாக்கெடுப்பில் நிறைவேறின. ஆளுக்கொரு பங்கு, பெண்களின் உரிமை அதற்கு விலை. முஹாசஸாவுக்கு இதைவிடச் சிறந்த விளக்கவுரை வேண்டுமா?

மறைக்கப்படும் வரலாறு

தெற்கு இராக்கின் ஏழை ஷியா மக்கள் என்றென்றும் மதத்தலைவர்களின் பின்னால் நின்றவர்கள் என்பதும் பொய். 1934ஆம் ஆண்டில் தோன்றிய கம்யூனிஸ்ட் கட்சி அந்த மக்களிடையேதான் ஆழ வேர்விட்டது. அதைக் கண்டு அஞ்சியே 1950களின் பிற்பகுதியில் நஜஃப் நகரில் தாவா கட்சி உருவெடுத்தது. 1960ஆம் ஆண்டில் ஆயதுல்லா முஹ்சின் அல் ஹக்கீம் கம்யூனிசத்துக்கு எதிராக மார்க்கத் தீர்ப்பு வழங்கினார். அவருடைய மகன்தான் மெழுகுவர்த்திப் பட்டியலின் தலைவர். 1963ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஆட்சியைப் பறித்த பாத் கட்சி கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிக் கொன்றது. செயலாளர் சலாம் ஆதில் வதைக்கப்பட்டு மாண்டார். செங்கொடி வெட்டிச் சாய்க்கப்பட்ட இடத்தில்தான் பச்சைக் கொடியும் கறுப்புக் கொடியும் நடப்பட்டன.

பாக்தாத்தின் கிழக்கே, கிராமங்களிலிருந்து வந்த ஏழைகளுக்காக காசிம் ஆட்சியில் கட்டப்பட்ட குடியிருப்புக்குப் ‘புரட்சி நகரம்’ என்று பெயர். பின்னர் அது சதாம் நகரமாயிற்று. 2003க்குப் பின் சதர் நகரமாயிற்று. பெயர் இரண்டு முறை மாறியது. அங்கே வாழும் மக்களின் வறுமை மாறவில்லை.

தோழர்கள் எண்ணிப் பார்க்க வேண்டியது

அமெரிக்காவை எதிர்ப்பவர் எவராயினும் அவர் நம் அணியினர் என்ற எண்ணம் இடதுசாரிகள் சிலரிடமும் உண்டு. சதர் 2004ஆம் ஆண்டில் நஜஃபில் அமெரிக்கப் படையை எதிர்த்தார், மெய்தான். அவருடைய மஹ்தி படையே 2006ஆம் ஆண்டில் பாக்தாத்தில் சன்னி எளியோரை வேட்டையாடியது என்பதும் மெய்தான். 2018ஆம் ஆண்டில், ஊழலுக்கு எதிராகத் தெருவில் இணைந்து போராடிய அனுபவத்தின் பேரில், இராக் கம்யூனிஸ்ட் கட்சி அவரோடு தேர்தல் உடன்பாடு கண்டது. 54 இடங்களுடன் அந்த அணி முதலிடம் பெற்றது. அடுத்து நடந்ததென்ன? சதர் ஃபதஹ் அணியோடு கைகோத்து அதே அப்துல் மஹ்தியைப் பிரதமராக்கினார்.

2019ஆம் ஆண்டு அக்டோபரில் பாக்தாத், நாசிரியா, கர்பலா, பஸ்ரா நகரங்களில் இளைஞர்கள் வேலை கேட்டும், மின்சாரம் கேட்டும், ‘நாடு வேண்டும்’ என்று முழங்கியும் கிளர்ந்தெழுந்தனர். பெரும்பாலோர் ஷியாக்கள், எதிர்த்ததோ ஷியா கட்சிகளின் ஆட்சியை. சுமார் 600 பேர் கொல்லப்பட்டனர். கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் இருவரும் நாடாளுமன்றத்திலிருந்து விலகினர்; சரியான முடிவு, எனினும் காலந்தாழ்ந்த முடிவு. 2020ஆம் ஆண்டு பிப்ரவரியில் சதரின் நீலத்தொப்பி அணியினர் நஜஃபில் போராட்டக்காரர்களைத் தாக்கினர். தெருவில் உடன் நிற்பவரோடு போராட்டத்தில் இணையலாம். அவருடைய பட்டியலில் பெயரை எழுதிக்கொண்டால் அவருடைய பேரத்துக்கும் பொறுப்பேற்க நேரும்.

2005ஆம் ஆண்டு டிசம்பரில் நான்கில் மூவர் வாக்களித்த நாட்டில் 2018ஆம் ஆண்டில் பாதிப்பேர்கூட வாக்களிக்கவில்லை. பிரிவின் பெயரால் வாக்குக் கேட்டவர்களை அந்தப் பிரிவின் ஏழைகளே கைவிட்டுவிட்டனர். ஆனால் அவர்களை ஒன்றுதிரட்டும் வலுவான தொழிலாளி வர்க்க இயக்கம் இல்லாததால் பழைய பங்காளிகளே மீண்டும் மீண்டும் அரியணை ஏறுகின்றனர். மதவாதக் கூட்டணிகள் தம் பேராசையால் தாமே உடையும், அது உறுதி. உடைந்த இடத்தை நிரப்புவது யார் என்பதை முடிவு செய்வது ஆலைவாயிலிலும் வயல்வரப்பிலும் செய்யப்படும் அன்றாடப் பணியே. சாதிக் கணக்கும் மதக் கணக்கும் போட்டு வேட்பாளர் பட்டியல் எழுதப்படும் இந்திய நாட்டில் இதை நினைவில் வைத்திருக்க வேண்டிய கடமை கட்சித் தோழர் ஒவ்வொருவருக்கும் உண்டு.