புயலுக்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பு

புயலைக் கணிப்பவர் ஒருவர். ஊர்மக்களை வெளியேறப் பணிப்பவர் வேறொருவர். முன்னவரின் அறிவு பின்னவரின் செவிக்குக் காலத்தில் எட்டாவிடின் அதனாற் பயன் யாது?

2005ஆம் ஆண்டு ஓகஸ்ட் 27ஆம் நாள் இரவு, 'கத்ரீனா' என்னும் சூறாவளி மெக்ஸிக்கோ வளைகுடாவில் வலுப்பெற்று வந்தது. அமெரிக்கத் தேசிய சூறாவளி நிலையத்தின் தலைவர் மாக்ஸ் மேஃபீல்ட், எழுத்து மூலமான எச்சரிக்கையோடு அமையவில்லை. நியூ ஓர்லியன்ஸ் நகரபிதா ரே நேகினைத் தாமே தொலைபேசியில் அழைத்து, வரவிருக்கும் ஆபத்தின் கடுமையை எடுத்துரைத்தார். மறுநாட் காலை, அனைவரும் கட்டாயமாக வெளியேற வேண்டுமென நகரபிதா ஆணையிட்டார்.

29ஆம் நாட் காலை புயல் கரையேறிற்று. வெள்ளத் தடுப்பணைகள் உடைந்து, நகரின் நூற்றுக்கு 80 பங்கு நீரில் மூழ்கிற்று. அதற்குள் பெரும்பாலோர் வெளியேறிவிட்டனர். வாகன வசதியற்ற வறியவரும் முதியவருமாகப் பல்லாயிரவர் அகப்பட்டுக்கொண்டனர். ஆணைக்கும் புயலுக்கும் இடையே ஒரு நாள்தானும் முழுமையாக இருக்கவில்லை.

ஆணையிடும் அதிகாரம் வானிலை அறிஞருக்கு இல்லை. ஆயினும், காற்றின் வேகத்தைச் சொல்வதோடு நில்லாது, எவ்விடம் மூழ்கும், எத்தனை மணி நேரம் எஞ்சியுள்ளது என்பவற்றையும் அவர் தெளிவுறக் கூறல் வேண்டும். அதனைக் கேட்பவரும் வண்டியில்லாதவருக்கு வண்டியை முன்னரே ஆயத்தஞ் செய்தல் வேண்டும். இவ்விரண்டும் கூடினாலன்றி ஊர் பிழைக்காது என்பதே நாம் கொள்ளத்தக்க பாடம்.